ஈசான மூலையில் மட்டும் கல்

எங்கள் வீடு யூலை மாதத்தில் ஒரு நாள் லொறியில் வந்து இறங்கியது. வீடு வந்துவிட்டது, அது நிற்க அத்திவாரம்தான் இல்லை. கடற்கரையோரக் கோடைவிடுதி ஒன்றில் பல வருடம் நின்ற பொருத்து வீடு அது. தொழிற்சாலையிலேயே செய்து, இரண்டு துண்டாகக் கொண்டுவந்து, நிற்கப்போகிற இடத்தில் ஒன்றாகப் பூட்டுகிற வகை. விடுதிக்காரர் புதிது வாங்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு வாங்கினோம். இத்தாலியில், பலேர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் பின்னால் ஒரு எலுமிச்சைத் தோட்டத்தின் ஓரத்தில், நாலு மரக்கட்டைகளின் மேல், இரண்டு துண்டும் வாய் பிளந்தபடி நின்றன. குளியலறை ஒரு துண்டில், அதன் கதவு மற்றத் துண்டில்.

நிலம் நான் வேலை செய்த வீட்டு எசமானியுடையது, சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். அவவின் தாயைக் குளிப்பாட்டி, ஊட்டி, உடுப்பு மினுக்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த நிலத்தில் முன்பு ஒரு கல் களஞ்சியம் இருந்து இடிந்து போயிருந்ததால், அதே அளவுக்குள் ஒரு வீடு வைக்க நகரசபை சம்மதித்தது. எங்களுக்கு ஏன் வீடு என்றால், மகளுக்காக. அவளைப் பத்து வயதில் கணவரின் அக்காவிடம் விட்டுவிட்டு நாங்கள் பலேர்மோவுக்கு வந்தோம். யாழ்ப்பாணத்தில் தொடங்கி வன்னி, வவுனியா என்று அவளும் மாமியும் சண்டைக்குப் பயந்து ஏழு வீடு மாறி, கடைசியில் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவளை இங்கே கூப்பிட, பிள்ளை இருக்கத் தகுந்த வீடு என்று நகரசபை எழுதித் தரவேண்டும். பலேர்மோவின் பழைய பகுதியான போர்கோ வெக்கியோவில் நாங்கள் மூன்று குடும்பம் ஒரு குசினியைப் பங்கிட்டு இருந்தோம். அதைப் பார்க்க வந்தவர் செருப்பைக்கூட உள்ளே வைக்காமல் திரும்பிப் போனார். நவம்பர் பத்தொன்பதாம் திகதி மகளுக்குப் பதினெட்டு. அதற்கு முன் விண்ணப்பம் கொடுத்தால் கொடுத்த நாளின் வயதுதான் கணக்கு. பிந்தினால் அவள் வளர்ந்த ஆள், தன் வழியைத் தானே பார்க்கவேண்டும்.

வீட்டை எதன் மேல் வைப்பது என்று சொல்ல சிஞ்ஞோரா ஒரு ஜெயோமெத்ராவை அனுப்பினா. நிலம் அளந்து, வரைபடம் கீறி, கட்டட வேலைக்குப் பொறுப்பாகக் கையெழுத்து வைக்கிற ஆளை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மெலிந்த மனிதர். ஆபிரிக்கப் பக்கமிருந்து வீசும் சிரொக்கோ காற்று மூன்றாம் நாளாக அடித்துக்கொண்டிருந்தது. மே மாதத்திலிருந்து ஒரு துளி மழை இல்லை. பல்லிடுக்கில் மண். அவர் குந்தியிருந்து நிலத்து வெடிப்பு ஒன்றுக்குள் தன் பேனையை விட்டார். பேனை முழுதாக உள்ளே போய்விட்டது. மூடியைப் பிடித்து இழுத்து எடுத்து, என்னைப் பார்த்து, இந்த மண்ணுக்குக் கோடையில் ஒரு உடம்பு, மாரியில் ஒரு உடம்பு என்றார். காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் ஊதும், மேலே இருப்பதையும் சேர்த்துத் தூக்கும்.

மூன்று வழி சொன்னார். கொங்கிரீட் கட்டிகளை அடுக்கி அதன் மேல் வைக்கலாம். சுலபம், ஆனால் நகரசபை அதை வீடு என்று ஏற்காது, வண்டி என்றுதான் சொல்லும். முழு இடத்துக்கும் கம்பி கட்டி ஒரே தட்டாகக் கொங்கிரீட் போடலாம். நல்லது, ஆனால் கீழே எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். பாதி பாறை, பாதி மண் என்றால் அதைவிடக் கேடு வேறு இல்லை. ஒரு பக்கம் அசையாது, மறுபக்கம் ஏறி இறங்கும், தட்டு நடுவால் பிளக்கும். அப்படியானால் பாறை வரைக்கும் குழி தோண்டித் தூண் இறக்கவேண்டும். எது சரி என்று அறிய நாலு மூலையிலும் தோண்டிப் பாருங்கள் என்று நாலு விரலைக் காட்டினார். பிறகு ஓகஸ்ட் விடுமுறைக்குப் போய்விட்டார். ஓகஸ்டில் இந்த நாட்டில் செத்தவர்கூட செப்டெம்பர் வரை காத்திருக்கவேண்டும்.

நாலு என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். வீட்டில் இத்தாலியன் ஒழுங்காகத் தெரிந்தவள் நான்தான். கணவரிடமும் நாலு என்றுதான் சொன்னேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததில் என் பங்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தோண்டப் போன நாங்கள் முதலில் நாள் பார்த்தோம். அத்திவாரத்துக்கு மண்ணில் கை வைக்கிறதென்றால் நல்ல நேரத்தில் நாள்க்கல் என்று முதற்கல் வைக்காமல் எப்படி? ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கம் இருந்தது. அதிலுள்ள நேரம் அங்கத்தைய மணிக்கூட்டுக்கா, இங்கத்தைய மணிக்கூட்டுக்கா என்று கணவருக்கும் அவருடைய கூட்டாளிக்கும் அரை நாள் வாக்குவாதம். கூட்டாளி மொரிசியசுக்காரர், கட்டட வேலைக்குப் போகிறவர். முருகனுக்குக் காவடி எடுப்பார், ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழ் பத்துச் சொல். அதில் ஒன்று அக்கா, அது எனக்கு. கடைசியில் வியாழக்கிழமை பின்னேரம் என்று முடிவானது. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. எங்கள் நல்ல நேரமெல்லாம் அதற்குள்தான் வரவேண்டும்.

ஈசான மூலையில், வடகிழக்கில், கணவர் அலவாங்கை, ஆளுயர இரும்புக் கடப்பாரையை, இறக்கினார். சிவந்த மண். எங்கள் ஊர் மண்ணின் அதே நிறம். இரண்டு அடி போகவில்லை, ணங் என்று கல்லில் பட்டது. கணவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் அப்படித்தான், செம்மண்ணைக் கொஞ்சம் விலக்கினால் கல், அதன் மேல் அத்திவாரம், நூறு வருடத்துக்குக் கவலை இல்லை. கல்லை வைத்து, பால் ஊற்றி, மஞ்சளும் பூவும் வைத்துக் கும்பிட்டோம். மொரிசியசுக்காரர் உரக்க ஒரு தேவாரம் பாடினார், எங்களைவிட நன்றாகப் பாடினார். மற்ற மூன்று மூலை என்று நான் வாயெடுத்தேன். நாள்க்கல் வைத்த நிலத்தை அங்கையும் இஞ்சையும் குத்துறதோ என்று கணவர் கேட்டார். மற்ற மூலைகளை நானும் விட்டுவிட்டேன். எனக்கும் கல்லின் சத்தம் இனித்தது. களைப்பும் இருந்தது. நவம்பர் வேறு கண்ணுக்கு முன்னால் நின்றது.

பாறை கையெட்டும் தூரத்தில் இருக்கையில் தூண் எதற்கு? தட்டுப் போட்டோம். ஓர் அடி மண் எடுத்து, கம்பி கட்டி, இரண்டு ஞாயிறு வேலை. ஓர் அடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெற்கிலும் மேற்கிலும் யாரும் பார்க்கவில்லை.

அந்த வெயிலில் கொங்கிரீட் வெடிக்காமலிருக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். சிஞ்ஞோரா தாயோடு மலைப்பக்கம் போயிருந்ததால் காலையும் மாலையும் நான்தான் ரயிலேறிப் போய்ச் சாக்கு விரித்து, தொட்டியிலிருந்து வாளி வாளியாக ஊற்றினேன். நாலாம் நாள் மாலை, ஊற்றின தண்ணீர் எங்கே போகிறது என்று கவனித்தேன். ஈசானப் பக்கம் விளிம்பில் வழிந்தது குட்டையாகத் தேங்கி நின்றது. எதிர்மூலையில், தென்மேற்கான கன்னி மூலையில், வழிந்தது நிற்கவே இல்லை. வெடிப்புக்குள் இறங்கியது. வேண்டுமென்றே அதற்குள் ஒரு முழு வாளியை ஊற்றினேன். குடித்தது. இன்னொன்று. அதையும் குடித்தது. கையில் வெறும் வாளியோடு நின்றேன். கீழே கல் இருந்தால் தண்ணீர் இப்படியா போகும்?

கணவரிடம் சொன்னேன். அவருக்கும் விளங்கிவிட்டது, அதுதான் கோபம்.

"நீர் உதை ஒருத்தருக்கும் சொல்லாதையும். மழைக்கு முன்னம் நகரசபையாள் வந்து பாத்து எழுதிப்போட்டுப் போயிடுவான். பிறகு பாப்பம்."

நகரசபைக்காரர் வருவதற்கு செப்டெம்பர் கடைசி வெள்ளி என்று ஏற்கெனவே நாள் தந்திருந்தார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று கடவுளுக்கே தெரியாது. நானும் வாயை மூடிக்கொண்டேன். ஓகஸ்ட் கடைசியில் கிரேன் வந்து வீட்டைத் தூக்கித் தட்டின் மேல் வைத்தது. இரண்டு துண்டும் சேர்ந்தன, குளியலறைக்குக் கதவு கிடைத்தது. வெள்ளைச் சுவர், பச்சை யன்னல். பார்க்க அவ்வளவு வடிவு. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். வீட்டைப் பற்றித்தான் கதை. எத்தனை யன்னல், தன் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டுக்கொண்டு வந்தவள், குரலைத் தாழ்த்தி வேறொன்று கேட்டாள்.

"அம்மா, அந்த வீட்டை விட்டு எழும்பத் தேவையில்லைத்தானே?"

"இல்லைப் பிள்ளை. அது கல்லுக்கு மேலை நிக்குது."

ஏழு வீடு எழும்பிய பிள்ளையிடம் எவ்வளவு சுளுவாகப் பொய் சொல்லிவிட்டேன். மறுநாள் வேலை முடிந்து நேரே பகேரியாவுக்குப் போய் அலவாங்கை எடுத்தேன். கன்னி மூலையில், தட்டின் விளிம்போடு, மண்ணைக் கிண்டிக் கிண்டி இறக்கினேன். இடுப்பளவு போனது. சத்தமில்லை. அலவாங்கின் முழு நீளமும் போய், பிடிக்க ஒரு சாண் மட்டும் மிச்சமிருந்தது. அப்போதும் சத்தமில்லை.

ஜெயோமெத்ரா விடுமுறை முடிந்து திரும்பிய அன்றே அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நாலு என்றேனே என்று மட்டும் சொன்னார். பிறகு வந்து பார்த்தார். இங்கே நின்ற களஞ்சியத்துக்குக் கல் எங்கிருந்து வெட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். பக்கத்திலேயே வெட்டி, வெட்டிய பள்ளத்தை மண் போட்டு மூடியிருக்கிறார்கள். எங்கள் வீட்டின் முக்கால்வாசி பாறையில். மிச்சம் அந்தப் பள்ளத்தின் மேல். மகளின் அறை அந்த மிச்சத்தில்தான் இருந்தது.

செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அந்த மூலையைச் சுற்றித் தட்டுக்குக் கீழே மூன்று குழி, பாறை வரைக்கும், அதில் கம்பியும் கொங்கிரீட்டும். ஆனால் மூன்றையும் ஒன்றாகத் தோண்டக்கூடாது. ஒன்றைத் தோண்டி, நிரப்பி, இறுகவிட்டு, பிறகுதான் அடுத்தது. ஒரு குழிக்கு ஒரு கிழமை. எல்லாம் மழைக்கு முன். நகரசபைக்காரர் வரும் வெள்ளிக்கு முன் மூன்று கிழமைதான் இருந்தது. அவர் வரும்போது குழி திறந்திருந்தால், வேலை முடியாத வீடு என்று எழுதிவிடுவார்.

கணவர் என்னை ஏசினார். சும்மா கிடந்த மண்ணைக் கிண்டி, வரவிருந்த பிள்ளையை நீர் வரவிடாமல் செய்யிறீர் என்றார்.

"பிறகு பாப்பம் எண்டா எப்ப பாக்கிறது? பிள்ளை உள்ளை படுத்திருக்கேக்கையோ?" என்று கேட்டேன். அவர் ஞாயிறு விடிய மண்வெட்டியோடு எனக்கு முன் போய் நின்றார். அவருடைய கோபம் அப்படித்தான். வாயில் ஒன்று, கையில் ஒன்று.

முதற்குழி ஞாயிறு தோண்டி வியாழன் நிரப்பினோம். மொரிசியசுக்காரர் உள்ளே நிற்க, கணவர் வாளியை இழுக்க, நான் மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டினேன். பாறை தட்டுப்பட்டபோது உள்ளே நின்றவரின் தலைமுடிகூட வெளியே தெரியவில்லை. இரண்டாவது அடுத்த கிழமை. மூன்றாவதை ஞாயிறு தோண்டி முடித்தோம், வியாழன் நிரப்புவது, வெள்ளி காலை அவர் வருகிறார். வானம் பித்தளைத் தட்டுப் போல வெறுமையாக இருந்தது. நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைப் பார்த்தேன்.

புதன்கிழமை, கிழவியின் இரவு உடுப்பை மினுக்கிக்கொண்டு நின்றபோது பல்கனித் தகரத்தில் சத்தம் கேட்டது. மழை. நாலு மாதத்துக்குப் பிறகு மழை. தெருவில் ஆட்கள் சிரித்தார்கள், சிஞ்ஞோரா யன்னலை அகலத் திறந்து கையை வெளியே நீட்டினா. நான் அப்படியே நின்றுவிட்டேன். இஸ்திரிப்பெட்டி துணியைச் சுட்டது தெரியவில்லை. என்ன, ஏன் அழுகிறாய் என்று அவ கேட்டா. எங்கள் குழிக்குள் மழை பெய்கிறது என்றேன். போ என்றா.

ரயிலேறிப் போனால், குழிக்குள் இடுப்பளவு சேற்றுத் தண்ணீர். ஒரு பக்கம் சரிந்து, தட்டின் விளிம்பு கைத்தடி நீளத்துக்கு அந்தரத்தில் நின்றது. வியாழன் முழுதும் அள்ளினோம். அள்ள அள்ள ஊறியது. நிரப்ப முடியவில்லை. வெள்ளி காலை கணவர் குழிக்கு மேல் பலகை போட்டு, பலகையின் மேல் சாக்கு விரித்து, துளசிச் சாடியொன்றும் கற்றாழைச் சாடி இரண்டும் கொண்டுவந்து வைத்தார். ஒன்றும் கதையாதையும் என்று என்னிடம் சொன்னார்.

நகரசபைக்காரர் பருத்த மனிதர், நாடாவோடு வந்தார். அறைகளை அளந்தார், யன்னல்களைத் திறந்து மூடினார், தண்ணீரைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டி எழுதினார். ஒருமுறைகூடக் கீழே பார்க்கவில்லை. முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது, வெளிச்சுவரின் நீளத்தை அளக்கவேண்டுமென்று சுற்றி வந்தார். வந்து துளசிச் சாடிக்குப் பக்கத்தில், பலகையின் நடுவில் ஏறி நின்று, நாடாவின் மறுமுனையைக் கணவரிடம் நீட்டினார். பலகை முனகியது. கணவர் என்னைப் பார்த்தார், பேசாதே என்ற பார்வை. நாடாவை வாங்கினால் அவர் இறங்கிப் போய்விடுவார், பிள்ளை வந்துவிடுவாள்.

நான் பெரிய உத்தமி என்பதால் பேசவில்லை. அந்த மனிதர் அதற்குள் விழுந்தால் என்ற பயத்தில்தான் வாய் திறந்தேன். கையைப் பிடித்து இழுத்து, கீழே குழி என்றேன். அவர் இறங்கினார். சாக்கை விலக்கினார், பலகையை விலக்கினார், உள்ளே பார்த்தார். கனநேரம் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு தாளில் ஒரே ஒரு வரி எழுதினார். வேலை நடைபெறுகிறது, மறுபடி பார்க்கவேண்டும். எப்போது என்று கேட்டேன். அறிவிப்போம் என்றார்.

"உண்மை சொல்லி என்ன கண்டனீர்?" என்றார் கணவர். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார்.

குழி வற்றி, மூன்றாம் தூண் நிரம்பியபோது ஒக்டோபர் பாதி. ஒவ்வொரு காலையும் வேலைக்கு முன் நகரசபைப் படியில் போய் நின்றேன். இன்று இல்லை, நாளை வா. நாளை போனால், ஆள் இல்லை. என் முகத்தைக் கண்டதும் வாசலில் இருந்தவரே தலையை ஆட்டப் பழகிவிட்டார். எத்தனை நாள் இருக்கிறது என்று விரலில் எண்ணிக்கொண்டே கிழவிக்கு ஊட்டினேன். என் வாயை நானே திட்டினேன். அலவாங்கைத் தொட்டிருக்கக்கூடாது என்றுகூட நினைத்தேன். மகள் தொலைபேசியில் எப்ப அம்மா, எப்ப என்றாள். இந்தா, இந்தா என்றேன்.

பருத்த மனிதர் நவம்பர் எட்டாம் திகதி வந்தார். நேரே அந்த மூலைக்குப் போனார். காலால் மிதித்தார், குனிந்து கையால் தட்டினார். வீட்டுக்குள் போகவே இல்லை. கையெழுத்து வைத்தார். மகளின் பிறந்தநாளுக்கு ஆறு நாள் இருக்க, பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் வரிசையில் நின்று விண்ணப்பத்தைக் கொடுத்தேன். முத்திரை விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பினேன். அன்றைக்குக் கணவர் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். சீனி அதிகம்.

அவள் வந்தது அடுத்த ஓகஸ்டில். என்னைவிட உயரம். விமான நிலையத்தில் நான் வேறொரு பிள்ளையின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், யன்னல்களைத் திறந்து பார்த்தாள், நல்லாயிருக்கு என்றாள். கொண்டுவந்த பையை மட்டும் அவிழ்க்கவில்லை. உடுப்பை அதற்குள்ளிருந்தே எடுத்து, தோய்த்து, மடித்து, அதற்குள்ளேயே வைத்தாள். பை கதவோடு இருந்தது. நான் கண்டும் காணாததுபோல் ஒரு மாதம் இருந்தேன்.

செப்டெம்பரில் ஒரு பின்னேரம் முதல் மழை இறங்கியது. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். காலில் சப்பாத்து, மடியில் பை, கட்டில் விளிம்பில் இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு கன்னி மூலைக்குப் போனேன். மழை எங்கள் காலில் தெறித்தது. நான் தொலைபேசியில் சொன்னது பொய், இந்தப் பக்கம் கல்லே இல்லை என்றேன். அலவாங்கு, வாளித் தண்ணீர், குழி, பருத்த மனிதர் எல்லாவற்றையும் அந்த மழைக்குள் நின்று சொன்னேன். அவள் குனிந்து தூணின் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எவ்வளவு ஆழம்?"

"கொப்பா உள்ளை நிண்டா தலை தெரியாது."

அவள் வீட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நான் பையை அவிழ்க்கட்டே, அம்மா?"

தலையாட்டினேன். உள்ளே போய், ஒரு வருடமாக வெறுமையாக விட்டுவைத்திருந்த அலுமாரியைத் திறந்துவிட்டேன். அவள் சப்பாத்தைக் கழற்றினாள்.